கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர்

வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறவள் நான். கேஸை மூடினோமா என்று பஸ்ஸில் ஏறிய பிறகு சந்தேகம் வரும். மகள் காலேஜ் பஸ் ஏறிவிட்டாளா, ஷேர் ஆட்டோ ஓட்டுகிற வீட்டுக்காரர் வெறும் வயிற்றோடு சவாரி அடிக்கிறாரா என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். மழை பெய்தால் நாங்கள் குடியிருக்கும் மேனாம்பேட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயம். பெய்யாவிட்டால் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிடுமோ என்று பயம். ஒன்பதாவதோடு என் படிப்பு நின்றது. அதற்கப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, நூல் தொங்குகிறதா, கறை இருக்கிறதா, காலர் கோணிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்?

இப்படிப்பட்டவள் காட்டுக்குள் நெடுந்தூரம் ஓடப் போனேன் என்றால் எங்கள் தெருவில் இன்றைக்கும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள்.

ஆரம்பித்து வைத்தது ஒரு நாய். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, தினமும் நடக்கணும் என்று டாக்டரம்மா சொன்னதால் காலையில் அம்பத்தூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். நடக்கும்போது கவலையும் கூடவே நடந்து வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வேகம். ஒருநாள் கரையோரம் படுத்திருந்த நாய் எழுந்து துரத்தியது. ஓடினேன். கொஞ்ச தூரத்தில் நாய் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. எதிரில் ஓடி வந்த ஒரு பெண்தான் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, நாய் அப்பமே போய்ட்டு. நீங்க இன்னும் எதுக்கு ஓடுதீங்க?"

பின்பக்கத்து ஃபிளாட்டில் குடியிருப்பவள். திருநெல்வேலிப் பக்கம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் மூச்சு வாங்க நின்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நல்லாத்தான் ஓடுதீங்க, நாளைக்கும் வாங்க" என்றாள். அப்படி ஒருத்தர் என்னைப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொன்னது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். மறுநாள் போனேன்.

அவள் இருந்த ஓட்டக்காரர் கூட்டத்தோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சேக்காடு வழியாக ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி ஓடுவோம். கொஞ்சம் கால் பழகியதும் செம்பரம்பாக்கம் வரைக்கும் போனோம். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் வரைக்கும் கவலை கூடவே வருகிறது. பிறகு மூச்சு முட்டுகிறது. கவலைப்படுவதற்கும் மூச்சு வேண்டும் போலிருக்கிறது. அது மிச்சமில்லாமல் போய்விடுகிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று அதற்கும் ஒரு கவலை.

"இன்னாமே இது, பஸ்ஸ உட்டவ மாதிரி தெனம் ஓடிக்கினு கீற?" என்பார் வீட்டுக்காரர். "நம்ம ஆட்டோவுலதான் குந்தேன், எங்க போவணும்னு சொல்லு, உட்டுர்றேன்."

காட்டு ஓட்டத்துக்குக் கூப்பிட்டதும் அந்தத் திருநெல்வேலிக்காரிதான். தார் ரோட்டில் ஓடி ஓடி முட்டி போகிறது, மண் தடத்தில் ஓடினால் உடம்புக்கு நல்லது என்றாள். ஜவ்வாது மலையில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஒற்றையடிப் பாதையில், மரங்களுக்கு நடுவே, ஏற்றமும் இறக்கமுமாக முப்பது கிலோமீட்டர். வழியில் அங்கங்கே மேசை போட்டுத் தண்ணீர், வாழைப்பழம், உப்பு தொட்ட ஆரஞ்சுச் சுளை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நேரம் உண்டு. அதற்குள் வந்து சேராதவர்களை மேற்கொண்டு விடமாட்டார்கள், ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோய்விடுவார்கள். இருட்டில் யாரும் காட்டுக்குள் இருக்கக் கூடாது என்பதற்காக.

முதல் வருஷம் என்னை ஏற்றினார்கள். கடைசி மேசைக்கு வந்தபோது நேரம் தாண்டிவிட்டது. ஜீப்பின் பின்னால் காலி வாட்டர் கேன்களுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். எங்கள் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன சட்டைகளை ஓரமாக ஒரு அட்டைப்பெட்டியில் போடுவோம். அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், அடுத்த வருஷம் அந்த ஜீப்பில் ஏறக் கூடாது. கடைசி ஆளாக வந்தாலும் பரவாயில்லை, என் காலால் வந்து சேர வேண்டும். அந்த வருஷம் முழுக்க ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகும் ஓடினேன். கம்பெனி மாடிப்படியை டீ டைமில் ஏறி இறங்கினேன். கூட வேலை செய்கிறவர்கள், "ஏங்க்கா, மேல எதுனா மறந்துட்டியா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள்.

இரண்டாம் வருஷம் நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

காட்டில் வழி தெரிவதற்காகக் கிளைகளில் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருப்பார்கள். ரிப்பனைப் பார்த்துப் பார்த்து ஓட வேண்டியதுதான். எல்லோருக்கும் பின்னால் ஒருவர் வருவார். ஸ்வீப்பர் என்பார்கள். கடைசி ஆளுக்கும் பின்னால் நடந்து, ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே வருவது அவர் வேலை. காட்டில் பிளாஸ்டிக் கிடக்கக் கூடாது. ஆளும் கிடக்கக் கூடாது. ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு விதியும் சொன்னார்கள். இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு ஒதுங்குகிறவர்கள் தங்கள் முதுகுப் பையைப் பாதையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். பை கிடந்தால் ஆள் பக்கத்தில்தான் இருக்கிறது என்று ஸ்வீப்பர் நின்றுகொள்வார்.

அந்த வருஷம் ஸ்வீப்பராக வந்தது எங்கள் கூட்டத்துத் தம்பிதான். முப்பது வயது இருக்கும். பூந்தமல்லி பஜாரில் அவர்கள் குடும்பத்துக்குச் செருப்புக் கடை. அவன் அத்தா என்று கூப்பிடுகிற அப்பா கல்லாவில், இவன் செருப்பு எடுத்துக் காட்டுகிற இடத்தில். வாய் ஓயாது.

"யக்கா, இன்னிக்கி நீங்களும் நானும்தான் ஜோடி. மத்தவனுங்க எல்லாம் பறந்துடுவானுங்கோ."

"ஜோடி கீடின்னே, செருப்புக் கடைக்காரன்னு பாக்க மாட்டேன், செருப்பாலயே போடுவேன்."

"போடுங்கக்கா, நம்ம கடை செருப்பா இருந்தா சரி."

"இந்தா தம்பி, ஒன்னு சொல்றேன். பின்னாடி காலடிச் சத்தம் கேட்டுக்கினே இருந்தா எனக்குப் படபடன்னு வரும். தள்ளியே வா."

அவனும் சரி என்று தள்ளியேதான் வந்தான். நான்தான் அப்படிச் சொன்னேன் என்பதால் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பாதி தூரம் வரை நன்றாகவே போனது. மழை விட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மண் மிதிக்க மெத்தென்று இருந்தது. நெல்லி மரத்தடியில் உதிர்ந்த காய்கள் காலில் உருண்டன. எனக்கு முன்னால் யாரும் கண்ணில் படவில்லை, ஆனால் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தபோது நேரம் இருந்தது. கடைசி மேசையை நேரத்துக்குள் தாண்டிவிடுவேன் என்று முதல்முறையாக நம்பினேன். நம்பியதும் வயிற்றைக் கலக்கியது. எனக்கு எப்போதும் அப்படித்தான். கெட்டது நடக்கும்போது கலக்காது, நல்லது நடக்கப் போகிறது என்றால் கலக்கிவிடும்.

பாதையை விட்டு ஒதுங்கினேன். பையை அங்கேயே வைக்க வேண்டும் என்று தெரியும். வைத்தும்விட்டேன். இரண்டு எட்டு போனதும் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்று தோன்றியது. போன் அதில், தண்ணீர் அதில், க்ரேப் பேண்டேஜ் முதல் ஊசி நூல் வரை எல்லாம் அதில். திரும்பி வந்து பையை எடுத்து மாட்டிக்கொண்டேன். அதோடு, பின்னால் வருகிறவன் ஆம்பளைப் பையன். ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினால் போதும். நான் பாறையையும் தாண்டி, மூங்கில் புதரையும் தாண்டிப் போனேன்.

அங்கே இருக்கும்போது அவன் வருகிற சத்தம் கேட்டது. ஏதோ முனகிப் பாடிக்கொண்டே வந்தான். ரிப்பன் அவிழ்ப்பதற்காகக் கிளையை வளைப்பான் போல, விட்டதும் இலை சலசலத்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். "தம்பி, நில்லு." அவ்வளவுதான். ஆனால் நான் இருந்த நிலையில் எப்படிக் கூப்பிடுவது? எங்கேக்கா இருக்கீங்க என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? வாயை இறுக மூடிக்கொண்டேன். போகட்டும், பின்னாலேயே ஓடிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். சத்தம் தள்ளித் தள்ளிப் போய் அடங்கியது.

பாதைக்கு வந்தபோது காடு வேறு மாதிரி இருந்தது. ஒரு ரிப்பன்கூட இல்லை. அதுவரை எல்லா மரமும் எனக்கு வழி சொல்லிக்கொண்டு நின்றது. இப்போது வெறும் மரம். ஓடினேன். மண்ணில் ஷூ தடங்கள் இருந்த வரைக்கும் சரியாகத்தான் போனேன். பிறகு பாறைத் தரை வந்தது. அங்கே தடம் பதியவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் பாதை இரண்டாகப் பிரிந்தது.

போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. "தம்பீ" என்று கூப்பிட்டேன். எங்கேயோ ஒரு மயில் பதில் சொன்னது.

வழி தவறினால் நகராதீர்கள், இருக்கிற இடத்திலேயே நில்லுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் நின்றால் கடைசி மேசையின் நேரம் போய்விடும். ஜீப்தான். இடது பக்கப் பாதை கொஞ்சம் அகலமாக இருந்தது. ஒரு வருஷம் ஓடியதை நினைத்துக்கொண்டு அதில் இறங்கினேன். கொஞ்ச தூரம் பாதை போலவே இருந்தது. பிறகு மாட்டுச் சாணம் தெரிந்தது. அப்புறம் உண்ணிச்செடி முள் இரண்டு பக்கமும் நெருங்கிவந்து சட்டையைப் பிடித்தது. மாடு நுழைகிற வழி, மனுஷர் போகிற வழி இல்லை. அதற்கு மேல் போனால் திரும்பும் இடமும் தெரியாமல் போகும் என்று பட்டது. கையில் கீறலோடு ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்துத் திரும்பி, பாறைக்கே வந்து சேர்ந்தேன்.

வலது பக்கப் பாதைதான் சரி என்று இப்போது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இடதும் முதலில் சரியாகத்தானே தெரிந்தது? பாறைமேல் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த அந்த நேரத்தைப் பற்றி நான் அடிக்கடி யோசிக்கிறேன். பூட்டின வீட்டைப் பற்றி, போய்ச் சேர்ந்த மகளைப் பற்றி அத்தனை பயந்தவள், நிஜமாகவே காட்டில் தனியாக மாட்டிக்கொண்டபோது அவ்வளவு பயப்படவில்லை. கரடி இருக்கிற காடு என்று தெரியும். இருந்தாலும், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். கீறலைக் கழுவினேன். வெயில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து நிழலுக்கு மாறினேன். ஒன்று முடிந்தால் அடுத்தது. நான் பயப்படுவதெல்லாம் இன்னும் வராததைப் பற்றித்தான் போல. வந்துவிட்டதைப் பற்றிப் பயப்பட எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. நேரம் போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷமும் அந்த ஜீப்.

பைப் பட்டையில் விசில் ஒன்று தொங்கியது. எல்லோரும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று கொடுத்தது. பொம்பளைப் பிள்ளை விசில் அடிக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். முதல் தடவை ஊதியபோது இரும்பு கேட்டின் கீல் முனகுவது போலச் சத்தம் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் சுற்றிப் பார்த்துக்கொண்டேன். பிறகு, வெட்கப்பட்டதால்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று எனக்கே கோபம் வந்தது. கன்னம் வலிக்க ஊதினேன். மரத்திலிருந்து பறவைகள் கிளம்பிப் போயின. நிறுத்தி நிறுத்தி ஊதிக்கொண்டே இருந்தேன்.

வெயில் பாறையை விட்டுப் போன சமயத்தில் வலது பக்கத்திலிருந்து இன்னொரு விசில் கேட்டது. அப்புறம் குரல். அப்புறம் மேட்டிலிருந்து கல் சரிகிற சத்தம், "அம்மா" என்று ஒரு கத்தல். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது தம்பி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். பை நிறைய ஆரஞ்சு ரிப்பன். முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தினான்.

"எங்கக்கா பூட்டீங்கோ? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவக் கூடாதா?"

"இன்னான்னு சொல்றது? எதுக்குப் போறேன்னு மைக் வச்சு அனௌன்ஸ் பண்ணணுமா?"

"பையையாவது வச்சிட்டுப் போயிருக்கலாம்ல?"

"கொரங்கு தூக்கிக்கினு பூட்டா?"

"கொரங்கு என்னாக்கா, உங்கள உட்டுட்டு வந்ததுக்கு என்னியே தூக்கிப் போட்டு மிதிச்சிருப்பாங்கோ அங்க. டேபிள்ல போய் எண்ணிப் பாத்தா ஒரு ஆளு கொறையுது. திருப்பித் திருப்பி எண்றேன், கொறையுது. வயித்தக் கலக்கிடுச்சு எனக்கு."

"எனக்கு அதுக்கு முன்னாடியே கலக்கிடுச்சு. அதனாலதான் இவ்ளோவும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. ஆம்பளைப் பையன் அழுவதைப் பார்க்காதது போல நான் பேண்டேஜைத் தேடினேன். கால் அதற்குள் வீங்கியிருந்தது. ஷூவைக் கழற்றாமல் அதன் மேலேயே இறுக்கிச் சுற்றினேன். என் தோளில் ஒரு கை, ஒரு மூங்கில் கழியில் ஒரு கை என்று நடக்க வைத்தேன். வலிக்கும்போதெல்லாம் "யா அல்லா" என்பான், அடுத்த மூச்சில் "சாரிக்கா" என்பான். எத்தனை சாரி என்று கேட்காதீர்கள்.

நடந்துகொண்டே நான் அந்த ஒரு வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் குறைகிறது. எங்கள் வீட்டில் எண்ணுகிறவள் நான். சாயங்காலம் ஆனால் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று வாசலைப் பார்த்து நிற்கிறவள் நான். நான் குறைகிறேன் என்று யாராவது திருப்பித் திருப்பி எண்ணியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டில் எண்ணவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் எண்ணுவதற்கு முன்னாலேயே நான் வந்து நின்றுவிடுவேன், அவ்வளவுதான்.

கடைசி மேசைக்கு வந்து சேர்ந்தபோது நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. தார்ப்பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஜீப் நின்றது. அங்கே பொறுப்பில் இருந்த நரைத்த தாடிக்காரர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். தம்பி அவரிடம், "சார், தப்பு என்னோடது. அக்கா வந்துருப்பாங்கோ டைமுக்கு. அவங்கள உட்டுருங்கோ சார், போவட்டும்" என்று கெஞ்சினான்.

அவர் ஆள் கணக்கு எழுதிய தாளை எடுத்தார். "ரிப்பன அவுத்தது எங்க ஆளு. அதனால ஒங்களுக்கு மட்டும் நேரத்தத் தள்ளிக் கணக்கு வைக்கிறேம்மா. மிச்சம் இறக்கம்தான். போறதுன்னா போங்க, பின்னாடி வேற ஒருத்தர அனுப்பறேன்."

ஒரு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். எழுந்து நின்றேன். கால் வலிக்கத்தான் செய்தது, ஆனால் நடக்கும். அந்தப் பக்கம் ஒரு பெண், அன்றைக்கு முழுக்க அந்த மேசையில் பழம் நறுக்கிக்கொண்டிருந்தவள், யாரும் சொல்லாமலே குனிந்து ஷூ லேஸ் கட்டத் தொடங்கினாள். அவள்தான் என் பின்னால் வர வேண்டியவள். கீழே இறங்கும் பாதையைப் பார்த்தேன். மரங்களுக்கு அடியில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அவள் என் பின்னால் வருவாள். அவள் பின்னால் யார் வருவார்கள்?

இதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. அழுகையும் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் நான் எத்தனை ராத்திரி தூங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதுதான் காரணம். என்னுடைய கவலை என்னை எத்தனையோ நல்லதைச் செய்யவிடாமல் தடுத்திருக்கிறது. அன்றைக்குத் தடுத்தது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் அதை எதிர்த்துப் பேச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"லேஸ் கட்டாதம்மா" என்றேன். "ஜீப்புல ஏறிக்கிறேன்."

பின்னால் தம்பி காலை நீட்டிக்கொள்ள இடம் வேண்டும் என்று கேன்களை ஓரமாகத் தள்ளினேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் பல்லைக் கடித்தான். காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். வேண்டாம்க்கா, ஷூ அழுக்கு என்றான். மூடிக்கினு வா என்றேன்.

கீழே இறங்க இறங்க சிக்னல் வந்து போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"இன்னாமே, எத்தினி தபா அடிக்கிறது? ஜெயிச்சியா?"

"ஜீப்புல கீறேன்."

"இந்தத் தபாவுமா?" ஆட்டோவை ஓரம் கட்டி நிறுத்துகிற சத்தம் கேட்டது. "கை காலு நல்லா கீதா?"

"கீது. ஊட்டுக்கு வந்து சொல்றேன்."

ஓட்டம் முடிகிற இடத்தில் காற்று அடைத்த பெரிய வளைவு ஒன்று நிற்கும். ஓடி முடித்தவர்கள் அதற்குள் புகுந்து வருவார்கள், மைக்கில் பெயர் சொல்வார்கள். ஜீப்பில் வந்தவர்கள் அதற்கு வெளியே சுற்றிக்கொண்டு போக வேண்டும். திருநெல்வேலிக்காரி மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வளைவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டு, "எங்க போய்த் தொலைஞ்சீங்க, நான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன்" என்று திட்டினாள். திட்டி முடிக்கும் வரை நின்றேன். பிறகு வளைவைச் சுற்றிக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குப் போனேன்.

தம்பியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து டாக்டர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பு உடையவில்லை, பிசகுதான் என்றார். நான் சாம்பார் சாதம் இரண்டு தட்டு வாங்கி, ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிடாமல் என்னையே பார்த்தான்.

"கோவமா கீறீங்களாக்கா?"

"கோவமாத்தான் கீறேன்" என்றேன். "ஆறிடப் போவுது, சாப்பிடு."